ராஜரத்தினத்தின் கன்னம்

ஏழாவது படத்தில் என் தாய்மாமன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் வரைய நினைத்தது நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையை. கிராப்புத் தலை சரியாக வந்தது. நெற்றி வந்தது. தோளோடு சாய்ந்த நாகஸ்வரமும் ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் புருவமும் மூக்கும் சேரும் இடத்தில், வீட்டுக்கு வரும்போதெல்லாம் "இன்னும் இந்தச் சாயத்தை விடவில்லையா நீ?" என்று கேட்கும் என் மாமா அச்சாக இருந்தார். முகம் வரையப் பழகுகிறவர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். கண் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை தனக்குப் பழக்கமான முகத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். ராஜரத்தினமும் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையிடம் வளர்ந்தவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எட்டாவதைத் தொடங்கினேன்.

ஒரே முகத்தை நீர்வண்ணத்தில் ஐம்பது முறை வரைவது என்று போன தை மாதம் முடிவெடுத்திருந்தேன். அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு முகம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்று வாய்க்கும், மூன்று வாய்க்காது. வாய்த்தது ஏன் வாய்த்தது என்று கேட்டால் பதில் கிடையாது. சரளி வரிசையைத் தாண்டிக் குதித்து நேராகக் கீர்த்தனைக்குப் போன மாணவனின் நிலைமை. நாலு பேர் "அப்படியே இருக்கிறதே" என்பார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது தண்ணீர் தானாக ஓடிச் செய்த உபகாரம் என்று.

ஐம்பது முறை பார்த்தாலும் சலிக்காத முகம் வேண்டும். அப்படி யோசித்தபோது வேறு பெயரே எனக்குத் தோன்றவில்லை. சிறு வயதில் எங்கள் வீட்டு வானொலியில் அவருடைய தோடி வரும்போது அப்பா விசிறியை நிறுத்திவிடுவார். வியர்த்து ஊற்றும். யாரும் வாய் திறக்க மாட்டோம். அந்தப் புழுக்கத்தோடு சேர்ந்துதான் அந்த ராகம் எனக்குள் பதிந்திருக்கிறது.

என்னிடம் இரண்டு புகைப்படங்களின் நகல்கள் இருக்கின்றன. இரண்டும் பழைய இசைவிழா மலர்களில் அச்சானவற்றிலிருந்து எடுத்தவை. அச்சுப் புள்ளிகளை எண்ணிவிடலாம், அந்த லட்சணம். ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கிறார். மற்றதில் வாசிப்பை நிறுத்தி, வாத்தியத்தைத் தோளோடு சாய்த்துக்கொண்டு, கேமராவை விட்டுச் சற்று விலகிப் பார்க்கிறார். புதிதாகக் கற்கிறவன் முதலில் எதை எடுப்பான்? வாசிக்கிற படத்தைத்தான். நானும் அதைத்தான் எடுத்தேன்.

ஆறு தாள் வீணானது. காற்றுப் புகுந்த கன்னம் ஒரு பொறி. அதைக் கண்டதும் கைக்குக் கொண்டாட்டம் வந்துவிடும். உருண்டை, அதன்மேல் ஒரு வெளிச்சப் புள்ளி, கீழே ஒரு நிழல் என்று ஓவிய வகுப்பின் முதல் நாள் பாடத்தை அங்கே ஒப்பித்துவிடும். கடைசியில் பார்த்தால் பலூன். மீசையும் பொட்டும் வைத்தால் திருவிழாக் கடையில் விற்கலாம். கோட்டில் வரைகிறவர்களுக்கு இது பலம். 1930களில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பாருங்கள். ஒரு வளைவு, ஒரு சுழிப்பு, ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். கோடு மிகைப்படுத்தலாம், அதன் சுபாவமே அதுதான். நீர்வண்ணம் மிகைப்படுத்தினால் வீங்கிப்போகிறது.

அதனால் ஏழாவதிலிருந்து இரண்டாவது புகைப்படத்துக்கு மாறினேன். மாமா வந்தார். அவரை வெளியேற்ற மேலும் நான்கு தாள் ஆனது. வழி எளியதுதான்: மூக்கையும் கண்ணையும் பெயர் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, புகைப்படத்தைத் தலைகீழாக மாட்டி, இருட்டுத் திட்டுகளையும் வெளிச்சத் திட்டுகளையும் மட்டும் பார்த்தேன். தலைகீழான முகத்தை மூளை முகமாக எண்ணுவதில்லை. எண்ணாவிட்டால் மாமாவுக்கு உள்ளே வர வழியில்லை.

பென்சிலில் அடிப்படை வரைவைப் பிடிக்கவே ஒரு மாதம் போயிற்று. வண்ணம் தீட்டாத வரைவுக்குப் பழந்தமிழில் 'புனையா ஓவியம்' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்த கலைச்சொல் இல்லை. புனைவதற்கு முன்பே அது ஓவியம்தான் என்று அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. என்னுடைய புனையா ஓவியங்கள் பரவாயில்லை. புனையும்போதுதான் வினை.

வரைய வரைய, அவரைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் செய்திகள் வேறு விதமாகப் புரிய ஆரம்பித்தன. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார் என்பது அவருடைய துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்லப்படும் கதை. அக்கால நாகஸ்வரக்காரர்களின் முன்னந்தலை மழித்து, நெற்றி உச்சிவரை ஒரே சமவெளியாகப் போகும். ராஜரத்தினத்தின் நெற்றிக்கு மேலே கறுத்த எல்லை ஒன்று இருக்கிறது. அந்த எல்லைதான் முகத்தை நகரத்து முகமாக்குகிறது. அவர் ஜிப்பாவும் ஷெர்வானியும் போட்டார், மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கச்சேரி செய்தார், 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படத்தில் கவி காளமேகமாக நடித்தார், 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது டெல்லியில் வாசித்தார். கோவில் வாசலில் நின்று வாசிக்கும் வாத்தியத்துக்காரர் என்று ஊர் போட்டு வைத்திருந்த சட்டகத்தை ஒவ்வொரு பக்கமாக உடைத்த மனிதர். அந்த உடைப்பின் கணக்கு முழுவதும் அந்த மயிர்க்கோட்டில் இருக்கிறது. அதை நான் பென்சில் தீட்டியது போல அழுத்தினால் பொய்முடி மாதிரி ஆகிவிடும். ஈரத்தில் கரையவிட்டால் நெற்றிக்குள் ஒழுகும். பாதி ஈரம் காய்ந்த நேரம் பார்த்து, தூரிகையின் பக்கவாட்டால் தொட வேண்டும். அந்த நேரம் சுமார் இருபது நொடி.

மும்மூர்த்திகளை வரைந்த எஸ். ராஜத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சில சமயம் பொறாமையாக நினைப்பேன். பாடகராகவும் ஓவியராகவும் இருந்த அவர் தீட்டிய முகங்கள்தான் இன்று தியாகராஜர் என்றும் தீட்சிதர் என்றும் சாஸ்திரிகள் என்றும் நம்மில் பலர் மனத்தில் இருப்பவை. அந்த மூவரையும் கேமரா பார்த்ததில்லை. ராஜரத்தினம் 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். கேமரா பார்த்திருக்கிறது. அவரை நேரில் பார்த்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். தப்பிக்க முடியாது.

பதினைந்தாவது படம் முடிந்த அன்று, ஒன்று முதல் எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்து ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று பார்த்தேன். இந்தக் கட்டுரையே அன்று பார்த்ததைப் பற்றித்தான். பதினைந்து பேரும் சிவப்பாக இருந்தார்கள்.

நம் ஊரில் சிவப்பு என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் சிவப்பு. ஒவ்வொரு தாளிலும் ஓர் ஆளை, நான் அறியாமலே, சீர்வரிசைக்குத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தேன். முதல் காரணம் ஊடகமே. எண்ணெய் வண்ணத்தில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்க வேண்டும். இறங்குகிறவனுக்கு ஒவ்வொரு படியிலும் "போதும், இங்கேயே நின்றுவிடு" என்று ஒரு குரல் கேட்கும். அத்தோடு இந்தச் சாயம் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்து பயமுறுத்தியது, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோதுமை நிறத்துக்கு வந்திருக்கும். அப்போது மேலே இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று பயந்து பயந்து ஏற்றினால், நான்காவது பூச்சில் கீழே உள்ளவை கிளறிக்கொண்டு சேறாகிவிடும். சேற்றுக்குப் பயந்து இரண்டாவதிலேயே நின்றுவிடுவோம். ஆள் சிவப்பாகவே இருந்துவிடுவார்.

இரண்டாவது காரணம் கற்றுக்கொடுக்கிற முறை. நான் வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகங்களிலெல்லாம் முகம் என்றால் இளஞ்சிவப்பு. கன்னத்தில் ரோஜா, மூக்கு நுனியில் ரோஜா, நிழலில் மெல்லிய ஊதா. கறுத்த தோலுக்குக் கடைசியில் அரைப் பக்கம்: "இதே முறை, பழுப்பைக் கூட்டிக்கொள்க." கூட்டிக்கொண்டால் நடக்காது என்பதை நாற்பது தாள் செலவில் சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்தை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பள்ளியில் எங்களுக்கு வாங்கித் தந்த வண்ணப் பெட்டியில் ஒரு வில்லை இருந்தது. ரப்பர் பொம்மையின் நிறம். அதைத் 'தோல் கலர்' என்போம். வகுப்பில் ஒருவருக்கும் அந்த நிறத்தில் தோல் கிடையாது. வாத்தியாருக்கும் கிடையாது. இருந்தாலும் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னபோது நாங்கள் அத்தனை பேரும் அம்மாவுக்கு அதைத்தான் பூசினோம். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "யாரிது, கலெக்டர் பொண்டாட்டியா?" என்று சிரித்தாள். வில்லை தீர்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. கையில் இன்னும் இருக்கிறது.

சரி, எவ்வளவு கறுப்பு? கறுப்பு வெள்ளைப் புகைப்படம் நிறத்தைச் சொல்லாது. இருட்டின் அளவையாவது சொல்லுமா என்றால் அதிலும் வில்லங்கம் உண்டு. பழைய ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பு ஒளியை உணராது. பழுப்புத் தோலும் உதடும் உள்ளதைவிடக் கறுப்பாக விழும். அதை ஈடுகட்ட ஸ்டுடியோக்காரர்கள் நெகடிவ்வின் மேலேயே நுனி சீவிய பென்சிலால் தீற்றுவார்கள். நெகடிவ்வில் கறுப்பு ஏறினால் பிரதியில் முகம் வெளுக்கும். ஃபிலிம் ஒரு பக்கம் இழுக்கும், பென்சில் மறு பக்கம் இழுக்கும். அதற்குப் பிறகு அச்சகம், அதற்குப் பிறகு என் நகல்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கிடைத்தது. முகத்தைத் தனியாகப் பார்க்காமல், அந்தப் படத்துக்குள்ளேயே நிறம் நிச்சயமாகத் தெரிந்த பொருள்களோடு வைத்துப் பார்ப்பது. ஜிப்பா வெள்ளை. நெற்றியில் திருநீறு, அதன் நிறம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நாகஸ்வரம். அது ஆச்சா மரம். இந்த மூன்றையும் மூன்று படிகளாக வைத்துக்கொண்டால் முகம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கலாம். என் நகலில் அது துணிக்கும் மரத்துக்கும் நடுவில், மரத்தின் பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. அப்படியானால் மரத்தின் நிறம் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் சின்ன ஸ்டேஷன். திருவாவடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆதீனத்தின் நாகஸ்வர வித்வானாக இருந்தவருக்கு வாத்தியம் செய்யும் ஊர் கூப்பிடு தூரத்தில் என்பது அங்கே போய் இறங்கினால்தான் உறைக்கிறது. 2022இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே ராஜரத்தினம் இங்கேதான் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து பாரி நாயனத்தை உருவாக்கினார். பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி அதிகம். பாரி நீளம், சுருதி தாழ்வு, நாதம் கனம். கோவில் வீதிக்கு இருந்த குரலைக் கச்சேரி அரங்குக்கு இறக்கிக்கொண்டார். ஓவியனுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு: வாத்தியம் நீண்டால் படத்தின் சட்டமும் நீள வேண்டும். என் முதல் பத்துப் படங்களில் அணசு என்னும் விரிந்த அடிவாய் தாளுக்கு வெளியே போயிருந்ததற்கு அவர்கள் இருவரும்தான் பொறுப்பு.

பட்டறையில் ஒரு பெரியவர் கடைசல் போட்டுக்கொண்டிருந்தார். இடித்த பழைய வீடுகளின் உத்திரங்களிலிருந்து வந்த ஆச்சா. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம்தான் வெடிக்காது என்றார். உலவு என்னும் நீண்ட குழல் ஆச்சாவில், அணசு வாகையில். கடைந்த இடத்தில் மரம் செங்கல் பொடியும் வெல்லமும் கலந்த நிறத்தில் இருந்தது. நான் எதிர்பார்த்த கறுப்பு எங்கும் இல்லை. கொஞ்சம் சீவல் கேட்டேன்.

"எதற்குத் தம்பி?"

"நிறம் பார்க்க ஐயா. படம் வரைகிறேன்."

"புதிதில் இப்படித்தான் இருக்கும். எண்ணெய் காட்டிக் காட்டி, வாசித்து வாசித்துக் கறுக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்று சொல்லிவிட்டு, மூலையில் பழுதுபார்க்க வந்திருந்த பழைய நாயனம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கறுப்புத்தான். ஆனால் ஜன்னல் பக்கம் திருப்பியபோது கறுப்புக்கு அடியிலிருந்து அந்தச் செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது. வாத்தியத்தை நீட்டிய பெரியவரின் முழங்கையும் அதே வெளிச்சத்தில் இருந்தது. இரண்டுக்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் இல்லை. சீவலைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ரயிலில் அது முழுக்கப் பையில் கொட்டிவிட்டது, அது வேறு கதை.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் என்ற நீலத்தையும் கலந்தால் கிடைக்கும் நிறம்தான் அந்த மரத்துக்கும் அந்த முழங்கைக்கும் பொது. செம்பழுப்பு மிஞ்சினால் சூடான தோல். நீலம் மிஞ்சினால் நிழல், மயிர், எண்ணெய் ஏறிய மரம். கறுப்புச் சாயக் குழாயை அன்றோடு மூடி வைத்துவிட்டேன். ஆனால் நிறம் கிடைத்தது பாதிதான். அதை எப்படிப் போடுவது என்பதுதான் மீதி. சேறாகாமல் இருக்க வேண்டுமானால் ஒரே பூச்சில், ஆகக் கறுப்பாக, பயமில்லாமல் போட்டுவிட வேண்டும். காய்ந்தால் வெளிறும் என்பதால், கண்ணுக்குச் சரி என்று படுவதைவிட ஒரு படி கூடுதலாக.

அவருடைய தோடியைக் கேட்டுக்கொண்டேதான் வரைவேன். கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். மணிக்கணக்கில் வாசித்த ராகத்தை அதற்குள் அடைக்கச் சொன்னால் மனிதர் என்ன செய்திருப்பார் என்று முன்பெல்லாம் வருத்தப்படுவேன். தூரிகையோடு கேட்டபோது வேறொன்று பிடிபட்டது. 300 ஜிஎஸ்எம் என்னும் கனத்த பருத்தித் தாளில், ஐப்பசி ஈரக்காற்றில், ஒரு முகத்தின் முதல் பூச்சு வளைந்து கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். தட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் நெற்றி முதல் தாடை வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். முடிந்த பிறகு தொட்டால் காலிஃபிளவர் பூத்த மாதிரி விளிம்பு வெடிக்கும். சித்திரையில் இதைச் செய்யவே கூடாது. பாதி நெற்றியிலேயே காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன். அப்பா எதற்கோ செய்ததை நான் எதற்கோ செய்கிறேன்.

அப்படி ஒரே மூச்சில் போட்ட முதல் படம் இருபத்து மூன்றாவது. அசிங்கமாக வந்தது, உயிரோடு வந்தது.

அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. வெளுத்த தோலில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கிச் சிவப்பாகத் திரும்பும்; அதனால்தான் அந்தப் புத்தகங்கள் ரோஜாவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கறுத்த தோலில் மேற்பரப்பின் பளபளப்புத்தான் கண்ணில் படும். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் ஜன்னலின் நிறம், வானத்தின் நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அங்கே பூச வேண்டியது வெளுத்த பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூச வேண்டியது இளநீலம். முதல் முறை நெற்றியில் நீலம் வைத்தபோது கை நடுங்கியது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், வியர்த்த நெற்றி.

திருநீற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கறுத்த நெற்றியில் மூன்று வெள்ளைக் கீற்று. ஒட்டுத்திரவம் வைத்து மறைத்துப் பூசி உரித்தேன். கத்தரித்து ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. வெள்ளைச் சாயத்தால் மேலே எழுதினேன். சுண்ணாம்பு அடித்த சுவர். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று என் நெற்றியிலேயே பூசிப் பார்த்தேன். திருநீறு எங்குமே முழு வெள்ளை இல்லை. சுருக்கங்களில் சேர்ந்து, மேடுகளில் தேய்ந்து, அடியில் தோல் தெரிய நிற்கிற தூசு அது. பூச்சு அரை ஈரமாக இருக்கும்போது, பிழிந்த தூரிகையால் மூன்று முறை ஒற்றி எடுத்தேன். சாயம் வந்தது, முழுவதும் வரவில்லை. அதுதான் வேண்டியிருந்தது.

இனி கன்னம். வாசிக்காத படம்தான் என்றாலும் வருடக்கணக்கில் காற்றைத் தாங்கிய கன்னம் அது. சும்மா இருக்கும்போதும் அதில் ஒரு தளர்வும் கனமும் இருக்கிறது. கன்னத்தின் எல்லை எங்கே முடிந்து தாடை எங்கே தொடங்குகிறது என்று என் நகலில் தெரியாது. பல படங்களில் அங்கே ஒரு கோடு போட்டுக் கெடுத்தேன். தோடியின் காந்தாரம் என்ற ஸ்வரத்தை ஒரு புள்ளியில் நிறுத்திப் பிடித்தால் தோடியே இருக்காது. அது அசைந்துகொண்டிருக்கும்போதுதான் காந்தாரம். கன்னத்து விளிம்பும் அப்படித்தான் என்று ஒரு மாலையில் தோன்றியது. உவமையை விட்டுவிடுங்கள், உவமையால் படம் வரைய முடியாது. செய்தது இவ்வளவுதான்: விளிம்பில் வெறும் தண்ணீரைத் தொட்டு, தோளில் சாய்ந்திருந்த நாகஸ்வரத்தின் நிழலும் கன்னத்தின் நிழலும் ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டேன். மரம் எங்கே, முகம் எங்கே என்று அந்த ஓர் அங்குலத்தில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நிறம் என்று நரசிங்கம்பேட்டையில் பார்த்துவிட்டு வந்திருந்ததால் அந்தத் தைரியம் வந்தது. அது முப்பத்தெட்டு.

நாற்பத்து நான்காவதை முடித்தபோது இறுமாப்பாகவே இருந்தது. எங்கள் தெருவில், கோவில் சேவகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாயனக்காரர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தொட்டவர். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றியோ நெற்றியைப் பற்றியோ கன்னத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"கெண்டை எங்கே தம்பி?"

எனக்கு விளங்கவில்லை. விரலை நாகஸ்வரத்தின் மேல் முனையில் வைத்தார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை நேராக உலவில் செருகி வரைந்திருந்தேன். நடுவில் இருக்க வேண்டிய உலோகக் குழலைக் காணோம்.

"இது இல்லாமல் சீவாளியை எதில் செருகுவார்? காற்று எப்படி உள்ளே போகும்?" என்றார். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "உதிரிச் சீவாளிக் கொத்தைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அது சரி."

வீட்டுக்கு வந்து நாற்பத்து நான்கையும் எடுத்துப் பார்த்தேன். நாகஸ்வரத்தின் தலை தாளுக்குள் இருந்த படங்கள் முப்பத்தொன்று. ஒன்றில்கூடக் கெண்டை இல்லை. புகைப்படத்தில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிறது, தோளுக்கு மேலே, ஒரு சிறிய வெள்ளைக் கீற்றாக. நான் அதை அச்சுக் கறை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வெகு பொறுப்பாக அதன்மேல் பழுப்பைப் பூசி மூடியிருக்கிறேன்.

நாற்பத்தைந்தாவதில் கெண்டையிலிருந்து தொடங்கினேன். பூச எதுவும் இல்லை. அரிசி அகலத்துக்குத் தாளை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் பூச வேண்டும். திருநீற்றைவிட வெள்ளை, ஜிப்பாவைவிட வெள்ளை, படத்திலேயே அதுதான் உச்சம். அதை ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு முகத்துக்கு வந்தால், இதுவரை போட்டுவந்த பழுப்பு போதவில்லை. கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் நீலத்தை விட்டேன், பிறகு இன்னும் கொஞ்சம். தட்டு முடிந்து ஊசி உராயும் சத்தம் கேட்கும்போது தூரிகை தாடையில் இருந்தது.